இளைக்க வேண்டுமென்றால் இட்லியை விடணுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் காலையில் இட்லி, தோசைதான். எடை குறைய ஓட்ஸுக்கு மாறச் சொல்கிறார்கள். மாறித்தான் ஆகவேண்டுமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: வேண்டாம். ஆவியில் வேகும் இட்லியில் எண்ணெயே கிடையாது. மூன்றோடு நிற்காமல் ஆறுக்குப் போவதும், கூடவே தட்டில் வந்து விழுபவையும்தான் சிக்கல். மிளகாய்ப் பொடியைக் குழைக்க 2 மேஜைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டால் அதிலேயே 240 கலோரி. அது நாலைந்து இட்லிக்குச் சமம். பொடியை மோரில் குழையுங்கள், பழகிவிடும்.

இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கடப்பா (பாசிப்பருப்பு, உருளைக்கிழங்குக் குழம்பு) வைக்கும் வீடு என்றால் உருளைக்கிழங்கைப் பாதியாக்கிச் சுரைக்காய் சேருங்கள். தேங்காய், கசகசா அரைப்பு நாலு பேருக்கு 2 மேஜைக்கரண்டி போதும். பாசிப்பருப்பை மட்டும் குறைக்காதீர்கள், பசி தாங்குவது அதனால்தான்.

மாவிலும் கை வைக்கலாம். வழக்கமான நாலுக்கு ஒன்றை விட்டு, அரிசி 3, முழுப் பச்சைப்பயறு 1, உளுந்து 1 என்று போடுங்கள். இது சீக்கிரம் புளிக்கும். சித்திரை வெயிலில் இரவு முழுக்க வெளியே வைத்தால் காலையில் புளிச்ச வாடைதான் மிஞ்சும். பொங்கியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: தாளடி (இரண்டாம் போக நெல்) அறுப்புக்கு முன் வயலில் தெளித்து விளைந்த பச்சைப்பயறு வீட்டில் மூட்டையாக இருக்கிறது. அதில் தோசை வார்த்தால் கல்லோடு ஒட்டிக்கொண்டு பிய்கிறது. என்ன தவறு?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: பயறு மூட்டையாக இருக்கும் வீட்டில் ஓட்ஸ் பேச்சே எழக் கூடாது!

இரண்டு பேருக்குப் பயறு 100 கிராம், பச்சரிசி 25 கிராம். 6 மணி நேரம் ஊறியதும் கையால் அளைந்து பாருங்கள். ஊறாமல் கல் மாதிரி நிற்கும் மணிகள் தட்டுப்படும். பொறுக்கி எறிந்துவிடுங்கள், பல்லில் கடிபடும். இஞ்சி ஒரு துண்டு, பச்சை மிளகாய் 2, சீரகம் அரை டீஸ்பூன், உப்பு சேர்த்து ரவைப் பதத்துக்கு அரையுங்கள். புளிக்க வைக்க வேண்டியதில்லை.

பிய்வதற்குப் பெரும்பாலும் காரணம் கல்லின் சூடுதான். பயறு மாவு சூடு பட்டதும் இறுகிவிடும். கல் கொதித்துக் கிடந்தால் கரண்டி தேய்க்கும்போதே மாவு சுருண்டு கூட வரும். ஒவ்வொரு தோசைக்கும் முன் தண்ணீர் தெளித்து, வெட்டிய வெங்காயத்தால் கல்லைத் துடையுங்கள். ஊற்றிப் பரப்பிய பிறகே தீயைக் கூட்டுங்கள். ஓரம் தானாக எழும்பும்வரை தோசைத்திருப்பியைக் கையில் எடுக்காதீர்கள். மாவு நீர்த்திருந்தாலும் பிய்யும். ஒரு கரண்டி அரிசி மாவு கலந்தால் சரியாகும்.

ஒரு தோசைக்கு அரை டீஸ்பூன் எண்ணெய் என்று ஆறு வார்த்தால், ஆளுக்கு மூன்றில் சுமார் 280 கலோரி, 13 கிராம் புரதம். மதியம்வரை முறுக்கு டப்பா பக்கம் கை போகாது.

கேள்வி: வெண்பொங்கலை விட முடியவில்லை. வழி உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அரிசியும் பாசிப்பருப்பும் சம அளவு போடுங்கள். பருப்பை வாசம் வரும்வரை வறுக்காவிட்டால் பசையாகிவிடும். நாலு பேருக்கு நெய் 4 டீஸ்பூன். அதை வேகும்போது கலக்காமல், மிளகு சீரகம் தாளித்துக் கடைசியில் மேலே ஊற்றினால் குறைத்தது தெரியாது. முந்திரி ஆளுக்கு மூன்று. கூட வடை வேண்டாம்.

கேள்வி: பழைய சோறு எடை கூட்டுமா?
– வாசகர், பாபநாசம்

பதில்: அளவைப் பொறுத்தது. ஒரு கிண்ணம் சோறு, நிறைய நீராகாரம், மோர், சின்ன வெங்காயம் என்றால் தாராளமாகச் சாப்பிடலாம். பொரித்த மோர்மிளகாயும் வடகமும் சேர்ந்தால்தான் கணக்கு ஏறும். சோறு ஆறினால் அதன் மாவுச்சத்தில் கொஞ்சம் செரிக்காத வகைக்கு மாறுவது உண்மை. அதை நம்பி இரண்டாம் கிண்ணம் போடாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் காலைச் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள்.

கேள்வி: வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடித்தால் கொழுப்பு கரையுமா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: கரையாது. ஒரு மேஜைக்கரண்டி தேன் 60 கலோரி. வெறும் வெந்நீர் குடியுங்கள், டிகிரி காபியில் சர்க்கரையைப் பாதியாக்குங்கள்.