புகை அடிச்சாச்சு, கொசு போகலையே!

கேள்வி: எங்க தெருவுல அடிக்கடி புகை அடிச்சுட்டு போறாங்க, அன்னிக்கு ராத்திரியே கொசு மொய்க்குது. மருந்துல கலப்படமா?
- வாசகர், வேளச்சேரி

பதில்: மருந்த விடுங்க சார். மெஷின் சத்தம் கேட்டதும் நாம என்ன பண்றோம், ஓடிப்போய் ஜன்னல் கதவெல்லாம் சாத்துறோம், கொசு கட்டிலுக்கு அடியிலயும் கொடியில தொங்குற துணியிலயும் சௌகரியமா உக்காந்திருக்கு, புகை ரோட்டோட போயிடுது. அதுவும் பறக்குற கொசுவத்தான் கொல்லும், தண்ணியில நெளியுற புழுவுக்கு ஒண்ணும் ஆகாது, சில நாள்ல றெக்கை முளைச்சு வந்துடும். டெங்கு வந்த வீட்ட சுத்தி அவசரத்துக்கு அடிச்சா பிரயோஜனம் உண்டு, மத்தபடி வேலை நடக்குதுன்னு நமக்கு காட்டத்தான்னு என் அபிப்ராயம்.

ராத்திரி கடிக்கிறது பெரும்பாலும் க்யூலெக்ஸ், கூவம், பக்கிங்ஹாம் கால்வாய் மாதிரி அழுக்குத் தண்ணியில வளர்றது. செப்டிக் டேங்கும் அதுக்கு சொர்க்கம். வென்ட் பைப் வாய்ல கொசுவலை கட்டியிருக்கான்னு இன்னிக்கே பாருங்க.

கேள்வி: நாங்க நாலாவது மாடி. பக்கத்துல சாக்கடையே இல்ல, ஆனா பையனுக்கு டெங்கு வந்துடுச்சு. எப்படிங்க?
- வாசகி, பெரம்பூர்

பதில்: தம்பி இப்ப தேறியிருப்பான்னு நம்புறேன்மா. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசுவுக்கு சாக்கடை எதுக்கு, அதுக்கு பிடிச்சது நாம பிடிச்சு வைக்கிற நல்ல தண்ணி. பகல்ல கடிக்கும், பொதுவா சில நூறு மீட்டர தாண்டி பறக்காது. அதனால உங்க வீடு, பக்கத்து வீடு, இல்ல பையனோட ஸ்கூல், இதுல எங்கயோதான் பிறந்திருக்கும். ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்குற ட்ரே, மணி பிளான்ட் பாட்டில், ஏசி தண்ணி சொட்டுற பக்கெட், மொட்டமாடியில மூடி உடைஞ்ச சின்டெக்ஸ், லாரித் தண்ணி பிடிச்சு வச்ச டிரம், எல்லாத்தையும் ஒரு தடவ பாத்துடுங்க.

முக்கியமான விஷயம், தண்ணிய கொட்டிட்டா மட்டும் போதாது. முட்டைய தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் மேல பாத்திரத்தோட சுவத்துல ஒட்டிவச்சுடும், காஞ்சு கிடந்தாலும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும், திரும்ப தண்ணி பட்டதும் பொரிச்சுடும். அதனால நார் போட்டு அழுத்தி தேய்ச்சு கழுவணும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும்ங்கறதால வாரம் ஒரு தடவ தேய்ச்சாலே சங்கிலி அறுந்துடும். புழு பாக்க ஆள் வந்தா கதவத் திறந்து மாடிக்கு அனுப்புங்க, ப்ளீஸ்.

கேள்வி: சிங்கப்பூர்ல கொசுவ வளத்து ஊருக்குள்ள விடுறாங்களாமே, பைத்தியக்காரத்தனமா இல்ல?
- வாசகர், தாம்பரம்

பதில்: கேக்க அப்படித்தான் இருக்கும், ஆனா அங்க 2016-லேருந்தே நடக்குது. வோல்பாகியாங்கற பாக்டீரியா உள்ள ஆண் கொசுவ மட்டும் விடுறாங்க. ஆண் கொசு கடிக்காது, அதோட சேர்ற ஊர் பெண் கொசுவோட முட்டை பொரிக்காது, அவ்ளோதான். இந்தோனேசியாவுல யோக்யகர்த்தாவுல வேற வழி, பெண் கொசுவையும் சேத்தே விட்டாங்க, அந்த பாக்டீரியா உள்ள கொசு டெங்கு வைரஸ சரியா பரப்பாது. அங்க டெங்கு 77 சதவீதம் குறைஞ்சதா 2021-ல ரிசல்ட் வந்துச்சு. நம்ம புதுச்சேரி ஆராய்ச்சி மையத்துலயும் இப்படி கொசு உருவாக்கியிருக்காங்க.

கேள்வி: கிணத்துல மீன் விட்டா போதுமா?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: தாராளமா விடுங்க, கப்பி மீன் புழுவ நல்லா சாப்பிடும். சென்னையில மலேரியா கொசு கிணத்துலயும் மாடி டேங்க்லயும்தான் வளருது. கிணத்துக்கு மீன், டேங்குக்கு இடுக்கில்லாத மூடி.