விலங்கியல் பட்டம் பயன் தருமா, அல்லது வீட்டிலிருந்தே இணையவழியில் படித்தால் போதுமா?

பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவு முடித்த மாணவி ஒருவர், இராமநாதபுரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. விலங்கியல் சேர்வதா, அல்லது இணையவழியில் ஏதாவது ஒரு பட்டம் படித்துக்கொண்டே வேலைக்குப் போவதா என்று கேட்டிருக்கிறார். "விலங்கியல் படித்து என்ன கிழிக்கப் போகிறாய்" என்று சொந்தக்காரர்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரிதான் என்னைப் பதில் எழுத வைத்தது. இராமேஸ்வரம் பக்கத்து மீனவ ஊரான தங்கச்சிமடத்தில் அதே பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் நான் அந்தப் பட்டத்தை முடித்தேன்.

உங்கள் அப்பாவும் கடலுக்குப் போகிறவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கல்லூரிச் சேர்க்கையும் கட்டணமும் ஏறத்தாழ அதே நாட்களில்தான் வந்து நிற்கும். கையில் காசில்லாத வீட்டில் "இந்தப் படிப்பு எதற்கு" என்ற கேள்வி எழுவது இயல்பு. கேட்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பதிலை அவர்களிடமே விட்டுவிடக் கூடாது.

நான் 2019-இல் சேர்ந்தேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கல்லூரி மூடப்பட்டது. இரண்டாம் ஆண்டின் பெரும்பகுதி கைப்பேசியில்தான் நடந்தது. எங்கள் வீட்டில் அப்போது இருந்தது ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அதற்குப் பள்ளியில் படித்த தம்பியும் பங்குதாரர். மொட்டை மாடியில்தான் சிக்னல் கிடைக்கும், அங்கே காற்று இரைச்சலில் ஆசிரியர் குரல் பாதிதான் காதில் விழும். 2021 ஜனவரியில் தமிழக அரசு, கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. இலவச டேட்டா கார்டு கொடுத்தபோது, தரவுச் செலவைப் பற்றிய கவலையாவது தீர்ந்தது.

அந்த ஆண்டின் செய்முறைப் பாடங்களில் ஒன்று, இறாலின் இணையுறுப்புகளை, அதாவது உடலில் இணை இணையாக ஒட்டியிருக்கும் கால் போன்ற உறுப்புகளை, பிரித்தெடுத்து வரிசைப்படுத்துவது. உணர்கொம்பில் தொடங்கி வால் துடுப்பு வரை மொத்தம் 19 இணைகள். திரையில் ஆசிரியர் காட்டியது புத்தகப் படம்தான். அவர் கையிலும் இறால் இல்லை, வகுப்பில் பெரும்பாலானவர்களிடமும் இல்லை. எங்கள் வீட்டில் அன்று அப்பா கொண்டுவந்த இறால் இருந்தது. பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தை விரித்து, அம்மாவின் தையல் ஊசியையும் புருவம் திருத்தும் இடுக்கியையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தேன். தாடை மட்டும் எளிதில் வராது, இழுத்தால் உடைந்துவிடும். இரண்டு இறால்களை வீணாக்கிய பிறகே முழுதாக வந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை ஆண்டு இறால் பிடித்தும் அதற்கு இத்தனை கால்கள் இருப்பது தெரியாது என்றார். நான் அனுப்பிய படத்தை ஆசிரியர் மறுநாள் முழு வகுப்புக்கும் காட்டிப் பாடம் நடத்தினார். எனக்கு இன்றும் அதில் பெருமை உண்டு.

ஆனால் கண்ணாடித் தட்டில் நுண்ணுயிரி வளர்ப்பதை மொட்டை மாடியில் யாரும் கற்றுவிட முடியாது. 2021 செப்டம்பரில் கல்லூரி திறந்த பிறகு, மாலையில் ஆய்வகத்தைப் பூட்டும் வரை நின்று அதைக் கற்றுக்கொண்டேன். இன்று நான் வேலை செய்வது இந்தக் கடற்கரையிலேயே ஓர் ஏற்றுமதி கம்பெனியின் ஆய்வகத்தில். இறாலில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருந்தாலோ, பண்ணை இறாலில் குளோராம்பெனிகால் போன்ற மருந்தின் எச்சம் இருந்தாலோ, வெளிநாட்டுக்குப் போன சரக்கை அங்கே ஏற்கமாட்டார்கள். அந்தச் சரக்கு கிளம்புவதற்கு முன் அதைக் கண்டுபிடிப்பது எங்கள் பொறுப்பு. விலங்கியல் எதற்கு என்று கேட்டவர்களுக்கு நான் காட்டக்கூடிய பதில் இதுதான்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். உயிரினங்களைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் ஒரு சொட்டுகூடச் செலவாகாத அந்த ஆண்டிலும் எங்கள் கல்லூரி ஆய்வகக் கட்டணத்தை முழுதாக வசூலித்தது. அப்பா வாங்கி வந்த படகுப் பங்குப் பணம் அப்படியே அதற்குத்தான் போனது. கேட்டவர்களுக்குப் பதிலே கிடைக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, நான் இணையவழிக் கல்விக்கே எதிரி என்று யாரும் கிளம்ப வேண்டாம். முறைப்படி அனுமதி பெற்ற பல்கலைக்கழகங்கள் இணையவழியிலோ தொலைநிலையிலோ தரும் பட்டம், நேரில் படித்த பட்டத்துக்கு இணையானது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பில் பாடங்கள் இணையத்திலும் தேர்வுகள் நேரிலும் நடக்கின்றன. கணக்கில் பிடிப்புள்ளவர்களுக்கு அதை நானே பரிந்துரைப்பேன். வணிகவியலோ தமிழோ படிக்க விரும்புகிறவர்களுக்கும் இணையவழி தடையாக இருக்காது. பொறியியல், மருத்துவம், செவிலியர் படிப்பு போன்றவற்றை அப்படி நடத்த மானியக் குழுவே அனுமதிப்பதில்லை. கையால் கற்க வேண்டிய படிப்புகள் அவை. விலங்கியலையும் நான் அந்த வரிசையில்தான் வைப்பேன்.

அனுமதி விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். என் பெரியப்பா மகன், வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரைச் சொல்லிப் பேருந்து நிலையத்தருகே நடந்த மையத்தில் பணம் கட்டிப் பட்டம் வாங்கினார். அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் அது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலைத் தன் தளத்தில் வெளியிடுகிறது. பணம் கட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

நீங்கள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால், கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தால் அது கிடைக்காது. மீன்வளப் படிப்பில் ஆர்வம் இருந்தால் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியின் நான்காண்டுப் படிப்புக்கும் விண்ணப்பியுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அதில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. விலங்கியல் முடித்த பிறகு கடலைப் பற்றியே மேலே படிக்க விரும்பினால், அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியிலேயே இருக்கிறது.

எந்தக் கல்லூரியானாலும் சேர்வதற்கு முன் வேலை நாள் ஒன்றில் நேரில் போய் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நுண்ணோக்கிகள் உறை போட்டுத் தூசி படிந்து கிடக்கின்றனவா, மாணவர்கள் கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவிகளிடம் தனியாகப் பேசி, வாரத்தில் எத்தனை மணி நேரம் உள்ளே விடுகிறார்கள் என்று கேளுங்கள். நல்ல பதில் வந்தால், சொந்தக்காரர்கள் என்ன சொன்னாலும் விலங்கியலிலேயே சேருங்கள்.