கல்யாணம் ஆகாத ஜோடிக்கு பிரிட்டன் விசா நீட்டிப்பு: கேள்வி பதில்

நான் வழக்கறிஞர் அல்ல. கல்யாணம் செய்துகொள்ளாமலே துணைவருடன் லண்டனில் வாழ்ந்து, முதல் விசா, நீட்டிப்பு, நிரந்தர வதிவிடம் என்று மூன்று படியும் ஏறியவள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். சிக்கலான விவகாரம் என்றால் பதிவு பெற்ற ஆலோசகரிடம் போய்விடுங்கள்.

அக்கா, முதல் விசாவுக்கே உறவை நிரூபித்துவிட்டோம். நீட்டிப்புக்கு மறுபடியுமா? பேசாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டால் வேலை குறையுமா?

மறுபடியும்தான். ஆனால் கேள்வி மாறிவிடும். முதல் தடவை, கல்யாணத்துக்கு நிகரான உறவு இரண்டு வருடமாவது இருந்ததா என்று கேட்டார்கள். இப்போது, விசா கிடைத்த பிறகு உண்மையிலேயே ஒரே வீட்டில் வாழ்ந்தீர்களா, இனியும் வாழப்போகிறீர்களா என்று பார்ப்பார்கள். கல்யாணமான ஜோடியும் இதே முகவரிக் காகிதங்களைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதனால் விசாவுக்காக மட்டும் அவசரக் கல்யாணம் வேண்டாம். சான்றிதழ் ஒன்று கூடும், மற்ற வேலை எதுவும் குறையாது.

என்னென்ன காகிதம்? எங்களிடம் நானூறு போட்டோ இருக்கிறது.

போட்டோவை ஓரமாக வையுங்கள். பத்துப் பதினைந்து போதும். இந்த விண்ணப்பத்தில் பேசுவது தபால்காரர் கொண்டுவந்த சலிப்பூட்டும் கடிதங்கள்தான். இருவர் பெயரும் போட்டு ஒரே முகவரிக்கு வந்த ஆறு கடிதங்கள் வேண்டும். குறைந்தது மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வந்திருக்க வேண்டும், கடைசி இரண்டு வருடம் முழுக்கப் பரவியிருக்க வேண்டும். கூட்டுப் பெயரில் இல்லையென்றால் ஆளுக்கு ஆறு என்று தனித்தனியாகக் கொடுக்கலாம், முகவரி ஒன்றாக இருந்தால் சரி. கவுன்சில் வரி, தண்ணீர், கரண்ட் பில், வங்கி ஸ்டேட்மென்ட், வாடகை ஒப்பந்தம், வரித்துறைக் கடிதம், ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக் கடிதம் எல்லாமே ஆகும்.

நான் செய்தது இது: ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கட்டிலில் தேதி வாரியாகப் பரப்பினேன். இந்த முனையில் பழசு, அந்த முனையில் புதுசு. நடுவில் ஏழு மாதம் மெத்தை விரிப்பு மட்டும்தான் தெரிந்தது! வீடு மாறிய சமயம் அது. அவர் முகவரியை எல்லா இடத்திலும் மாற்றிவிட்டார், நான் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டேன். பல் டாக்டர் கிளினிக்கிலிருந்து வந்த ஒரு நினைவூட்டல் கடிதம்தான் அந்த ஓட்டையை அடைத்தது. நீங்கள் இதை விசா முடிய ஆறு மாதம் இருக்கும்போதே செய்யுங்கள், ஓட்டை தெரிந்தாலும் நிரப்ப அவகாசம் இருக்கும்.

இன்னொன்று, இந்தியா, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் கணக்கில் வருவதால் இங்கே வாக்காளராகப் பதிவு செய்யலாம். நம்மவர்கள் பலருக்கு இது தெரியவே தெரியாது. பதிவு செய்தால், தேர்தல் வரும்போது உங்கள் பெயருக்கே கார்டு வீடு தேடி வரும்.

வாடகை ஒப்பந்தம் என் துணைவி பெயரில் மட்டும். கவுன்சில் வரியும் அவள் பெயரில்தான், அதில் தனி ஆள் தள்ளுபடி வேறு வருகிறது. பரவாயில்லையா?

ஒப்பந்தம் ஒருவர் பெயரில் இருப்பது பெரிய தடை இல்லை. நீங்களும் அங்கே வசிக்கிறீர்கள் என்று வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். ஆனால் அந்தத் தள்ளுபடி ஆபத்து, தம்பி. வீட்டில் பெரியவர் ஒருவர்தான் இருக்கிறார் என்று சொல்லி வாங்குவதுதான் அந்த 25 சதவீதம். ஒரு கையில் 'சேர்ந்து வாழ்கிறோம்' என்ற விண்ணப்பம், மறு கையில் 'தனியாக இருக்கிறேன்' என்ற பில். இன்றே கவுன்சிலுக்குப் போன் போட்டு, நீங்கள் குடிவந்த தேதியைச் சொல்லி, பாக்கியைக் கட்டிவிடுங்கள். திருத்தி வரும் புது பில்லில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட்டில் எனக்குக் குடும்பப் பெயரே இல்லை. ஒரு பில்லில் அப்பா பெயர் பின்னால் வருகிறது, இன்னொன்றில் வெறும் இனிஷியல். குழப்புமா?

நம் ஊர் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள தலைவலி. இனிஷியல் என்றால் அப்பா பெயர் என்பது நமக்குத் தெரியும், ஃபைலைப் பார்க்கும் அதிகாரிக்குத் தெரிய வேண்டும் என்று இல்லை. முகப்புக் கடிதத்தில் ஒரு பத்தி ஒதுக்கி, எந்தக் காகிதத்தில் எப்படி எழுதியிருக்கிறது, எல்லாம் ஒரே ஆள்தான் என்று எழுதிவிடுங்கள். வங்கியில் மட்டுமாவது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே மாற்றிக்கொள்வது நல்லது.

ஆண்டு வருமானம் 29,000 பவுண்ட் வேண்டும் என்கிறார்கள், சிலர் 18,600 என்கிறார்கள். எது சரி? என் துணைவர் மூன்று மாதம் முன்புதான் வேலை மாறினார்.

இரண்டும் சரி. 2024 ஏப்ரல் 11-க்கு முன்பு முதல் விசாவுக்கு விண்ணப்பித்து, இப்போது அதே துணையோடு நீட்டிப்பவர்களுக்கு, குழந்தை இல்லையென்றால், பழைய 18,600 பவுண்ட். அந்தத் தேதியிலோ பிறகோ விண்ணப்பித்தவர்களுக்கு 29,000. நீட்டிப்பில் ஒரு நிம்மதி: இங்கே நீங்கள் சம்பாதிப்பதையும் சேர்த்துக் கணக்குக் காட்டலாம்.

ஒரே கம்பெனியில் ஆறு மாதம் ஆகியிருந்தால் ஆறு மாதப் பேஸ்லிப், அதே மாதங்களுக்கான வங்கி ஸ்டேட்மென்ட், கம்பெனிக் கடிதம். மாதச் சம்பளக்காரருக்கு அந்த ஆறு மாதத்தில் எந்த மாதம் சம்பளம் குறைவோ அதுதான் கணக்கு, போன மாத இன்கிரிமென்டை நம்பி இறங்காதீர்கள். உங்கள் துணைவருக்கு ஆறு மாதம் ஆகவில்லை என்பதால் வேறு வகை: இப்போதைய ஆண்டுச் சம்பளமும் தொகையைத் தொட வேண்டும், கடந்த 12 மாதத்தில் உண்மையாக வந்த சம்பளமும் தொட வேண்டும். பழைய கம்பெனிப் பேஸ்லிப்பையும் தேடி எடுங்கள். பேஸ்லிப்பில் உள்ள நிகரத் தொகை வங்கியில் பைசா மாறாமல் விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாக டிக் அடியுங்கள்.

அம்மாவுக்கு முடியாமல் போய் நான்கு மாதம் யாழ்ப்பாணத்தில் நின்றேன். சேர்ந்து வாழவில்லை என்று சொல்லிவிடுவார்களா?

காரணம் இருக்கிறதே, மறைக்காமல் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு, போய் வந்த டிக்கெட், அந்த நாட்களில் இருவரும் பேசிய கால் பதிவில் மாதத்துக்கு ஒரு பக்கம் வையுங்கள். வாட்ஸ்அப் முழுவதையும் அச்செடுத்து அனுப்ப வேண்டாம், யாரும் வாசிக்கப்போவதில்லை.

ஊரில் அப்பா அம்மாவுக்கு விஷயம் தெரியாது. அவர்கள் கடிதம் கட்டாயமா?

இல்லை. உங்களை ஜோடியாக அறிந்த நண்பர் இரண்டு பேர் எழுதினால் போதும், அதுவும் கூடுதல் பலம்தான். வீட்டில் எப்போது சொல்வது என்பதற்கு என்னிடம் பதில் கேட்காதீர்கள், நான் சொன்ன லட்சணம் எனக்குத் தெரியும்.

ஆங்கிலத் தேர்வு?

முதல் தடவை ஏ1 என்ற தொடக்க நிலை, இப்போது அதற்கு அடுத்த ஏ2. ஆங்கில வழிப் பட்டத்தைக் காட்டித் தேறியவர்களுக்கு மறுபடி தேர்வு இல்லை.

எப்போது போடுவது, எவ்வளவு ஆகும்? தீபாவளிக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.

விசா முடிவதற்குள் ஆன்லைனில் அனுப்பிவிட வேண்டும். ரொம்பச் சீக்கிரமும் வேண்டாம். மிச்சமிருக்கும் நாட்களில் 28-ஐத்தான் புது விசாவில் சேர்ப்பார்கள். நிரந்தர வதிவிடத்துக்கு 60 மாதம் வேண்டும். முந்திப் போட்டு அது குறைந்துபோனால் இன்னொரு நீட்டிப்பு, இன்னொரு கட்டணம். 2025 ஏப்ரல் கட்டணப்படி விண்ணப்பத்துக்கு 1,321 பவுண்ட், நீட்டிப்பு கிடைக்கும் இரண்டரை வருடத்துக்கு அரசு மருத்துவச் சேவைக் கட்டணம் 2,587.50 பவுண்ட் என்று இருந்தது.

நேரத்தோடு அனுப்பிவிட்டால், முடிவு வரும்வரை பழைய நிபந்தனைகளிலேயே தங்கலாம், வேலை பார்க்கலாம். ஆனால் முடிவு வருவதற்குள் ஊருக்குப் பறந்தால் விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். வழக்கமாக எட்டு வாரம் ஆகும். தீபாவளி டிக்கெட்டைப் பொங்கலுக்கு மாற்ற எவ்வளவு கேட்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.