பீடத்தில் ஒன்று, வாசலில் ஒன்று

அன்புள்ள ஐயா,

என் பெரியப்பா மகன் கலிபோர்னியாவில் இருக்கிறார். 2008 தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு, அவர் போகும் சபையில் போதகர் பிரசங்கத்துக்கு நடுவே, தன்பால் திருமணத்தைத் தடுக்கும் எட்டாம் முன்மொழிவுக்கு ‘ஆம்’ என்று போடச் சொன்னாராம். ஆராதனை முடிந்து வெளியே வந்தால், வீட்டுமுன் நட்டுவைக்கும் பிரச்சார அட்டையையும் கையில் திணித்தார்களாம். அண்ணனுக்கு அது இன்றுவரை உறுத்தல். வரிவிலக்கு வாங்கும் சபை இப்படிச் செய்யலாமா? நம் ஊரில் மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டால் தேர்தலே செல்லாமல் போகுமே. அமெரிக்கச் சட்டம் தூங்கிவிட்டதா?

(நாகர்கோவில் வாசகர். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

தூங்கவில்லை. அண்ணன் பார்த்தது அங்கே சட்டப்படி தப்பே இல்லை.

நம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவு வேட்பாளருக்காக மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பதைப் பற்றியது. லிண்டன் ஜான்சன் செனட்டராக இருந்தபோது 1954இல் கொண்டுவந்த திருத்தமும் அப்படித்தான்: வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. ஆனால் எட்டாம் முன்மொழிவு வேட்பாளர் இல்லையே. ‘ஆணுக்கும் பெண்ணுக்கும் நடக்கும் திருமணம் மட்டுமே கலிபோர்னியாவில் செல்லும்’ என்று மாநில அரசியல் சாசனத்தில் ஒரு வரியைச் சேர்க்கலாமா என்று மக்களிடம் கேட்ட வாக்கெடுப்பு அது. வரித்துறையின் பார்வையில் இது சட்டமியற்றுவது தொடர்பான பிரச்சாரம். சபையின் மொத்த வேலையில் ‘கணிசமான’ பகுதியாகிவிடாதவரை செய்துகொள்ளலாம். எத்தனை சதவீதம் கணிசம் என்று சட்டம் சொல்வதில்லை. ஆகவே பெரிய சபைக்குப் பெரிய இடம்.

அமெரிக்காவில் தோன்றி, சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் சபையைப் பாருங்கள். 2008 ஜூன் 29 அன்று கலிபோர்னியாவில் உள்ள அவர்களுடைய கூட்டங்களிலெல்லாம் சால்ட் லேக் சிட்டி தலைமையின் கடிதம் ஒன்று வாசிக்கப்பட்டது. முன்மொழிவு ஜெயிக்க உங்கள் பணத்தையும் நேரத்தையும் கொடுங்கள் என்பது சாரம். அவர்களை உதவிக்கு அழைத்தது சான் பிரான்சிஸ்கோவின் கத்தோலிக்கப் பேராயர் நீடராவர். அதற்கு முன் பல வருடம் சால்ட் லேக் சிட்டியில் ஆயராக இருந்தவர், எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்திருந்தது. மார்மன்கள் மாநில மக்கள்தொகையில் நூற்றுக்கு இரண்டு பேர்தான். ஆனால் ஆரம்பத்தில் வீடு வீடாக நடந்த தொண்டர்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது பேர் அவர்களே என்று பிரச்சாரத்தை நடத்தியவர்களே சொன்னார்கள். சபை தன் செலவாகக் காட்டியதோ சுமார் 1,90,000 டாலர். கோடிகள் உறுப்பினர்களின் சொந்தப் பையிலிருந்து வந்தன, அவை சபைக் கணக்கில் ஏறாது. ஒரு பகுதிச் செலவைத் தாமதமாகக் காட்டியதற்காக மாநில ஆணையம் 2010இல் அபராதம் போட்டது: 5,539 டாலர்!

இந்தச் சுதந்திரத்தைப் பிடுங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அதே 2008 செப்டம்பரில் கலிபோர்னியாவின் எபிஸ்கோபல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) சபை ஆயர்கள் எட்டாம் முன்மொழிவை எதிர்த்துப் பகிரங்கமாகப் பேசினார்கள். ஒரு வாயை அடைத்தால் அந்த வாயும் அடைபடும்.

எனக்கு உறுத்துவது வேறு. தொண்டர்களுக்கான பயிற்சித் தாள்களில் ஒரு அறிவுரை இருந்ததாக அப்போதே பத்திரிகைகளில் வந்தது: தன்பாலீர்ப்பாளர்களின் வாழ்க்கையைத் தாக்க வேண்டாம், அந்தப் பேச்சையே எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது. தொலைக்காட்சி விளம்பரத்தில் பாவம் என்ற சொல் இல்லை, வேதவசனம் இல்லை. பள்ளியிலிருந்து வரும் ஒரு சிறுமி, ‘இளவரசன் ஒருவன் இளவரசனையே கல்யாணம் செய்துகொண்டான் என்று இன்றைக்குப் படித்தேன் அம்மா’ என்பாள். அம்மா முகம் மாறும். அவ்வளவுதான். ஆட்களைத் திரட்டியது தேவனின் சித்தம், வீட்டு வாசலில் பேசியது பள்ளிப் பாடத்திட்டம். கதவைத் திறந்தவருக்கு எதிரே நிற்பவர் எதற்காகக் கிளம்பி வந்தாரோ அது சொல்லப்படவில்லை. பீடத்தில் தைரியமாகச் சொன்னதை வாசலில் ஏன் விழுங்க வேண்டும்?

ஒளித்தது பிறகு கோர்ட்டில் வந்து நின்றது. 52 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கி முன்மொழிவு ஜெயித்துவிட்டது, வழக்கும் வந்தது. 2009 அக்டோபரில் நீதிபதி வான் வாக்கர், முன்மொழிவின் தரப்பு வழக்கறிஞர் சார்லஸ் கூப்பரிடம் கேட்டார்: இவர்கள் திருமணம் செய்துகொண்டால் ஆண்-பெண் திருமணத்துக்கு என்ன கெடுதல்? எனக்குத் தெரியாது என்றார் கூப்பர். அதை நிரூபிக்கும் பொறுப்பு எங்களுக்கு இல்லை என்பது அவர் வாதம். வாதமாக அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் அத்தனை ஞாயிறுகளில் அத்தனை போதகர்கள் தயங்காமல் சொன்ன பதில் ஒன்று இருந்ததே, அதை அந்த அறையில் சொல்ல முடியவில்லை. விசாரணையில் அவர்கள் தரப்பில் இரண்டே சாட்சிகள். 2010 ஆகஸ்டில் தடை செல்லாது என்று தீர்ப்பானது, 2013இல் மேல்முறையீடும் முடிந்தது. சாசனத்தில் ஒட்டிக்கொண்டிருந்த வரியை 2024 வாக்கெடுப்பில் மக்களே எடுத்துவிட்டார்கள்.

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள மெயின் மாநிலத்தில் இன்னும் வெளிப்படையாகவே நடந்தது. 2009 செப்டம்பரில் போர்ட்லாந்து கத்தோலிக்க மறைமாவட்டம் திருப்பலியில் இரண்டாம் காணிக்கை எடுத்தது. வழக்கமான தட்டு போனபின், தன்பால் திருமணச் சட்டத்தை ரத்து செய்யும் பிரச்சாரத்துக்கென்று இன்னொரு தட்டு. மகனோ மகளோ அப்படிப்பட்டவராக உள்ள ஒரு தாய் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தால், தட்டு மடிக்கு வரும்போது என்ன செய்வாள்? போடலாம், பக்கத்தில் இருப்பவர் பார்க்கப் போடாமலும் நகர்த்தலாம். எழுந்து பதில் சொல்ல மட்டும் வழியில்லை, திருப்பலியில் மைக் ஒருவர் கையில்தான். அந்த ஆண்டு ரத்து ஜெயித்தது. 2012இல் அதே கேள்வி திரும்பி வந்தபோது மறைமாவட்டம் பிரச்சாரத்தில் இறங்கவில்லை. இம்முறை திருமணம் ஜெயித்தது.

சியாட்டிலில் அதே 2012இல், தன்பால் திருமணத்தை அனுமதித்த சட்டத்தை வாக்கெடுப்புக்கு இழுக்கப் பங்கு ஆலயங்களில் கையெழுத்து வாங்கலாம் என்று கத்தோலிக்கப் பேராயர் அனுமதித்தார். அவருடைய பேராலயத்தின் பங்குத்தந்தை மைக்கேல் ரையன், இங்கே வாங்கப்போவதில்லை, நம் சமூகத்தை அது புண்படுத்தும், பிளக்கும் என்று பங்கு மக்களுக்கு எழுதினார். வேறு சில பங்குகளில் வாங்கினார்கள். இரண்டுமே சட்டப்படி சரி.

ஆக, வரித்துறைக்குப் புகார் எழுதி அண்ணனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. உறுத்தல் இன்னும் இருந்தால் அந்தப் போதகரிடம் நேரில் கேட்கலாம், பிரசங்க நேரத்தில் கேட்க முடியாததை. அதிருக்கட்டும், கையில் திணித்த அட்டையை அவர் என்ன செய்தார் என்று நீங்கள் எழுதவே இல்லையே.

அன்புடன்.