அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது. மாத்திரை இல்லாமல் இயற்கையாகவே சரிசெய்ய முடியுமா?

28 வயது, ஆறு மாதத்தில் இது மூன்றாவது முறை, ஒவ்வொரு முறையும் மாத்திரை போட்டு அலுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். திரும்ப வராமல் தடுப்பதற்கு இயற்கை வழிகள் நிறையவே கைகொடுக்கும். வந்த தொற்றைக் குணப்படுத்துவது வேறு கதை. நான் பட்டதைச் சொல்கிறேன், அப்போது புரியும்.

எனக்குக் குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் நான்கு வருடம் இருந்தேன். காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும், வீடு திரும்ப ராத்திரி ஏழாகும். லைனில் உட்கார்ந்துவிட்டால் பாத்ரூமுக்கு எழுவதே சங்கடம். நாம் எழுந்தால் நம் மெஷின் முன்னால் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) குவிந்துவிடும், அடுத்தவளுக்கு வேலை நின்றுபோகும், சூப்பர்வைசர் வந்து நிற்பார். அதனால் எங்களில் பாதிப் பேர் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டோம். காலையில் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலைச் சாயங்காலம் பஸ்ஸில் எடுத்துப் பார்த்தால் முக்கால் பாட்டில் அப்படியே சூடாகிக் கிடக்கும். அதுவும் வேலூர் மாவட்டத்து மே மாத வெயிலில்.

முதல் முறை எரிச்சல் வந்தபோது அம்மா, "சூடு பிடிச்சிருக்கு, வேற ஒண்ணும் இல்லடி" என்றார். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, ஈரச் சுண்ணாம்பை ஆள்காட்டி விரலால் வழித்து, என் இரண்டு கால் கட்டை விரல் நகத்திலும் தடவினார். தொப்புளில் விளக்கெண்ணெய், குடிக்க வெந்தயம் போட்ட மோர். ராத்திரிக்குள் சரியாகிவிட்டது. அடுத்த முறையும் அதையே செய்தோம். இந்த முறை மூன்றாம் நாள் போர்வைக்குள்ளேயே உடம்பு தூக்கிப் போட்டது. குளிர்க்காய்ச்சல், வாந்தி, இடது விலாவுக்குக் கீழே முதுகில் குத்தல். தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்றார்கள். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்து, நரம்பில் ஊசி போட்டுத்தான் இறங்கியது.

அம்மா மேல் தப்பில்லை. நாம் இரண்டு விஷயத்துக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறோம். தண்ணீர் குடிக்காமல் சிறுநீர் கெட்டியாகி எரிந்தாலும் நீர்க்கடுப்புதான், கிருமி போய் எரிந்தாலும் நீர்க்கடுப்புதான். முன்னது தண்ணீரும் மோரும் குடித்தால் அடங்கும், சுண்ணாம்புக்குப் பேர் கிடைக்கும். பின்னதற்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலி என்ற பாக்டீரியா. நம் குடலில் சாதாரணமாக இருப்பதுதான். பெண்களுக்குச் சிறுநீர்த் தாரை 4 சென்டிமீட்டர் அளவுதான், ஆசனவாய்க்கும் பக்கத்திலேயே இருக்கிறது. கிருமி சுலபமாக உள்ளே ஏறி, சிறுநீர்ப்பையின் சுவரில் ஒட்டிக்கொண்டு பெருகும். லேசான தொற்று தானாக அடங்குவதும் உண்டு. ஆனால் எது அடங்கும், எது மேலே ஏறும் என்று வீட்டில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது.

தடுப்பதற்கு நான் முதலில் சொல்வது தண்ணீர்தான். 2018ல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி தொற்று வரும், தினமும் ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறைதான் வந்தது, மற்றவர்களுக்கு 3.2 முறை. காசு செலவில்லாத மருந்து இது. ஆனால் குடித்தால் போக வேண்டுமே! சுத்தமான பாத்ரூமும் அதற்கு எழ அனுமதியும் இல்லாத இடத்தில் ஒரு பெண்ணிடம் "நிறையத் தண்ணீர் குடிம்மா" என்று சொல்வது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கும். நீங்களும் அடக்கி வைக்கிற வேலையில் இருந்தால், நான்கைந்து பேர் சேர்ந்து போய்க் கேளுங்கள். நாங்கள் அப்படிக் கேட்ட பிறகுதான் லைனில் மாற்று ஆள் போட்டார்கள்.

அப்புறம், கழுவும்போது முன்னாலிருந்து பின்னால். உள்ளே சோப்பு, டெட்டால் எதுவும் வேண்டாம், காக்கிற நல்ல பாக்டீரியாவும் அதில் போய்விடும். தாம்பத்திய உறவுக்குப் பிறகு சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். மலச்சிக்கலையும் கவனியுங்கள்.

பார்லிக் கஞ்சி, இளநீர், வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம் எல்லாம் எங்கள் வீட்டில் இன்றும் உண்டு. சிறுநீர் நன்றாகப் பிரியும், எரிச்சல் தணியும். ஒட்டிக்கொண்ட கிருமியைக் கொல்லும் என்று நம்பி நாளைக் கடத்தாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இளநீரோ கஷாயமோ குடிக்கவே கூடாது. கிரான்பெர்ரி என்ற புளிப்புப் பழம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் என்ற அமைப்பு 2023ல் 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு அது வாய்ப்பை ஏறக்குறைய கால் பங்கு குறைக்கிறது. தடுக்கத்தான், குணப்படுத்த இல்லை. கடையில் விற்கும் ஜூஸில் சர்க்கரையும் அதிகம்.

காய்ச்சல், முதுகு வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம் இருந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். கர்ப்பிணிக்கும் சர்க்கரை நோயாளிக்கும் லேசான எரிச்சலே போதும், காத்திருக்க வேண்டாம். மாதவிடாய் நின்றவர்களுக்கு அடிக்கடி வந்தால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தது காரணமாக இருக்கலாம், அதற்குத் தனியாக கிரீம் தருவார்கள்.

உங்களுக்கு ஆறு மாதத்தில் மூன்று முறை. ஆறு மாதத்தில் இரண்டு தடவை வந்தாலே அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்றுதான் டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டு, எரிச்சல் நின்றதும் விட்டுவிடுகிறீர்களா? அப்படியானால் முதலில் அதை நிறுத்துங்கள். இந்த முறை யூரின் கல்ச்சர் கொடுத்துவிடுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். நன்றாகக் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதை மட்டும் லேப் டப்பாவில் பிடித்து உடனே கொடுத்துவிடுங்கள். மாத்திரை தொடங்குவதற்கு முன்பே கொடுங்கள். தொடங்கிய பிறகு கொடுத்தால் கிருமி இருந்தும் வளராமல் போகலாம்.