வாசலில் நம்பர் பிளேட் கேமரா: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

கேள்வி: டெக்ஸாஸில் எங்கள் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம், இரண்டு நுழைவாயில்களிலும் நம்பர் பிளேட் படிக்கும் கேமரா வைக்கப் போகிறது. "திருடனுக்குத்தானே பயம்?" என்கிறார்கள். கூட்டத்தில் என்ன கேட்பது? – வாசகி, ஃபிரிஸ்கோ

பதில்: எடுத்த படத்தை யார் யார் தேடலாம் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அங்கே பரவலாக இருக்கும் ஃப்ளாக் சேஃப்டி கேமரா, சோலார் பலகையோடு கறுப்புக் கம்பத்தில் நிற்கும். கடந்துபோகும் வண்டியின் பின்பக்கத்தைப் படம் பிடித்து, செல்போன் நெட்வொர்க் வழியாக நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பிவிடும். எண்ணோடு நிறம், மாடல், கூரைமேல் உள்ள கேரியர், பம்பர் ஸ்டிக்கர்கூடப் பதிவாகும். எண் தெரியாமலே ஒரு வண்டியைத் தேடிப் பிடிக்கலாம்.

ஒப்பந்த நகலை இப்போதே வாங்கிப் படியுங்கள். கையெழுத்தான பிறகு எதையும் மாற்றுவது கஷ்டம். பதிவுகள் வழக்கமாக 30 நாள் இருக்கும். அதைக் குறைத்து எழுதச் சொல்லுங்கள். நியூ ஹாம்ஷயர் சட்டப்படி, தேடப்படும் வண்டியாக இல்லாவிட்டால் 3 நிமிடத்துக்குள் பதிவை அழித்துவிட வேண்டும்.

அடுத்தது போலீஸ் பகிர்வு. "போலீசுக்குக் கொடுக்கிறோம்" என்றால் உள்ளூர் ஸ்டேஷன் என்றுதான் நினைப்போம். 2025 மே மாதம், தானே கருக்கலைப்பு செய்துகொண்ட ஒரு பெண்ணை உங்கள் மாநிலத்தின் ஜான்சன் கவுண்ட்டி ஷெரிப் அலுவலகம் (மாவட்டப் போலீஸ்) தேடியபோது, அந்தத் தேடல் பல மாநிலங்களில் 83,000-க்கும் மேற்பட்ட கேமராக்களில் ஓடியது. அந்தப் பெண்ணின் நலனுக்காகத் தேடினோம் என்றார் ஷெரிப். எனவே நிரந்தரப் பகிர்வு வேண்டாம். வழக்கு எண்ணோடு எழுதிக் கேட்டால் மட்டும் குறிப்பிட்ட படத்தைக் கொடுப்பது என்று தீர்மானம் போடுங்கள்.

லாகின் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு தேடலுக்கும் காரணம் பதிவாக வேண்டும். லாகின் இல்லாத ஒருவர் மாதாமாதம் அந்தப் பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டும். காரணம் எழுதினால் மட்டும் போதாது: கான்சாஸின் செட்ஜ்விக் ஊர் போலீஸ் தலைவரே பொய்க் காரணங்களை எழுதி, முன்னாள் காதலியையும் அவருடைய புது நண்பரையும் 228 தடவை தேடியிருக்கிறார். கம்பம் நட்டதும் ஒரு மாதிரிப் படத்தையும் கேட்டு வாங்குங்கள். யார் வீட்டு வாசலாவது அதில் விழுந்தால் கோணத்தை மாற்றச் சொல்லலாம்.

கேள்வி: கேமரா எண்ணைத் தப்பாகப் படித்தால் என்ன ஆகும்? – வாசகர், நியூ ஜெர்சி

பதில்: சேறு படிந்தாலோ வெளிச்சம் தெறித்தாலோ 8 என்பது பி ஆகும், பூஜ்யம் ஓ ஆகும். அப்படித் தப்பாகப் படித்த எண் திருட்டு வண்டிப் பட்டியலில் இருந்தால் போலீஸ் உங்களை மடக்கலாம். எண்ணைச் சரியாகப் படித்தாலும் ஆபத்து உண்டு, ஏனென்றால் ஒரே எண் இரண்டு மாநிலங்களில் இருக்கலாம். 2020-இல் கொலராடோவின் அரோரா நகரில் நடந்தது அதுதான். திருட்டுப் போனது மொன்டானா மாநில மோட்டார் சைக்கிள். போலீஸ் துப்பாக்கியோடு மடக்கியது அதே எண் கொண்ட கொலராடோ காரை. அதிலிருந்த ஆறு வயதுச் சிறுமி உட்பட நான்கு பிள்ளைகளைத் தரையில் குப்புறப் படுக்க வைத்தார்கள். நகரம் 19 லட்சம் டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. மாநிலப் பெயரையும் வண்டி வகையையும் ஒருவர் கண்ணால் பார்த்திருந்தாலே இது நடந்திருக்காது.

நம்பர் பிளேட்டைச் சுற்றி கார் டீலர் மாட்டிக் கொடுத்த பிரேம் மாநிலப் பெயரை மறைத்தால் கழற்றிவிடுங்கள். திருடுபோன கார் திரும்பக் கிடைத்தால், திருட்டுப் பட்டியலிலிருந்து எண் நீங்கியதா என்று போலீசிடம் உறுதி செய்த பிறகே ஓட்டுங்கள். எண்ணை மறைக்கும் கவர் மட்டும் வேண்டாம். பல மாநிலங்களில் அது குற்றம்.

கேள்வி: எங்கள் சங்கத்திடம் கேமரா பற்றிய கொள்கை ஆவணம் கேட்டால், "அப்படி எதுவும் இல்லை" என்கிறார்கள். – வாசகர், ஃபிரிமான்ட், கலிபோர்னியா

பதில்: இருந்தே ஆக வேண்டும். 2016 முதல் நடப்பில் உள்ள உங்கள் மாநிலச் சட்டம், இந்தக் கேமராவை இயக்கும் தனியாருக்கும் பொருந்தும். யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைப்பார்கள், யாருக்குப் பகிர்வார்கள் என்பதை எழுதி வைக்க வேண்டும். இணையதளம் இருந்தால் அதிலும் போட வேண்டும். விதிமீறலால் பாதிக்கப்பட்டவர் வழக்குப் போடலாம். மின்னஞ்சலில் தேதியோடு கேளுங்கள், வாய்வார்த்தையாக விடாதீர்கள்.