வெள்ளோட்டத்துக்கு வந்த கூட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பன்னிரண்டு வருடமாக நெப்ராஸ்காவில், லிங்கன் நகரில் இருக்கிறேன். ஏப்ரல் மாதம் இங்கே கல்லூரி ஃபுட்பால் அணியின் ஸ்பிரிங் கேம் நடக்கும். அதற்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான் அடுத்த ஒரு வாரம் எங்கள் அலுவலகத்தில் பேச்சு. 2018-ல் ஸ்காட் ஃபிராஸ்ட் கோச்சாக வந்த முதல் வருடம் நாங்களும் குடும்பத்தோடு போனோம். 86,818 பேர். பையனுக்கு அப்போது நாலு வயது, என் தோளிலேயே தூங்கிவிட்டான். இத்தனை பேர் திரண்டு வந்திருக்கிறார்களே, இனி எல்லாம் நல்லபடியாகத்தான் நடக்கும் என்று நானும் நம்பினேன். அந்த வருடம் நாலு ஆட்டம் ஜெயித்தார்கள், எட்டில் தோற்றார்கள். நன்றாக ஏமாந்துவிட்டோம் என்றுதான் தோன்றியது.

என்னோடு வேலை செய்பவர் ஒருவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். 2025-ல் வழக்கமான ஸ்பிரிங் கேம் கிடையாது என்று அறிவித்தபோது வீட்டில் துக்கம் நடந்ததுபோல இருந்தார். கூட்டம் குறைய ஆரம்பித்தால் அணியும் படுக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், இது அவர் கட்சி. பயிற்சி ஆட்டத்துக்கு எண்பதாயிரம் பேர் வந்தாலும் எட்டாயிரம் பேர் வந்தாலும் செப்டம்பரில் ஒன்றும் மாறாது, இது என் கட்சி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
எஸ்., லிங்கன்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம்) ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். அதற்கு முன்னால், வசந்த காலத்தில், அணிகள் 15 நாள் பயிற்சி செய்துகொள்ள அனுமதி உண்டு. அதன் முடிவில் ஒரு நாள் கதவைத் திறந்துவிட்டு, ஒரே அணியை இரண்டாகப் பிரித்துத் தங்களுக்குள்ளேயே ஆடுவார்கள். பந்தைக் கையில் வாங்கி ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக் வேறு நிறச் சட்டை போட்டிருப்பார், அவரை யாரும் இடித்துத் தள்ளக் கூடாது. வெற்றி தோல்வி எந்தக் கணக்கிலும் ஏறாது. புதிய உத்தி எதையும் கோச் அன்று வெளியே எடுக்க மாட்டார். நம் மொழியில் இதற்குக் கச்சிதமான சொல் இருக்கிறது: வெள்ளோட்டம். புதுத் தேர் ஓடுகிறதா என்று பார்க்க ஒருநாள் சாமி இல்லாமல் இழுத்துப் பார்ப்பார்களே, அதுதான். அதைப் பார்க்கவும் ஊர் கூடும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கூட்டத்தை வைத்து வரப்போகும் பருவத்தைக் கணிக்க முடியுமா என்று கேட்டால், முடியாது. அந்த அளவில் உங்கள் கட்சிதான் என் கட்சியும்.

2007-ல் அலபாமாவுக்கு நிக் சேபன் கோச்சாக வந்தார். முந்தைய வருடம் அந்த அணி 6 வெற்றி, 7 தோல்வி. அணியின் ஊரான டஸ்கலூசாவில் ஏப்ரல் மாதம் நடந்த அவருடைய முதல் வெள்ளோட்டத்துக்கு வந்தவர்கள் 92,138 பேர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நாடே வாயைப் பிளந்தது. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: அந்த மைதானத்தின் அன்றைய மொத்த இருக்கைகளும் 92,138-தான். நுழைவு இலவசம். நிரம்பிய பிறகு கதவை மூடியதால் வெளியே நின்று திரும்பியவர்களும் உண்டு. ஆக, நாம் இத்தனை வருடமாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பது மைதானத்தின் கொள்ளளவை. அந்த இலையுதிர் காலத்தில் என்ன நடந்தது? தங்கள் சொந்த மைதானத்திலேயே லூசியானா மன்ரோ என்ற சிறிய அணியிடம் 21-14 என்று தோற்றார்கள். 7 வெற்றி, 6 தோல்வியோடு பருவம் முடிந்தது.

2016-ல் ஜார்ஜியாவுக்கு கர்பி ஸ்மார்ட் கோச்சாகப் போனார். 2007-ல் அலபாமாவில் சேபனுக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்து அந்தக் கூட்டத்தைக் கண்ணால் பார்த்தவர். போன கையோடு, மைதானத்தை நிரப்பித் தாருங்கள் என்று ஜார்ஜியா மக்களிடம் வெளிப்படையாகக் கேட்டார். 93,000 பேர் வந்து நிரப்பிக் கொடுத்தார்கள். அந்த வருடம் 8 வெற்றி, 5 தோல்வி. வாண்டர்பில்ட்டிடம் ஒரு புள்ளியில் தோற்றார்கள். அதே ஏப்ரலில் ஒஹாயோ ஸ்டேட் 100,189 பேரைக் கூட்டியது. அந்தப் பருவம் நன்றாகவே போய், கடைசி ஆட்டத்தில் கிளெம்சனிடம் 31-0 என்று தோற்றதோடு முடிந்தது. கொலராடோவில் 2022-ல் வந்தவர்கள் 1,950 பேர். அடுத்த வருடம் டியான் சாண்டர்ஸ் கோச்சாக வந்ததும், பனி கொட்டிய நாளில், 47,277 பேர் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அந்த வருடமும் உங்கள் நெப்ராஸ்கா கணக்குத்தான்: நாலு வெற்றி, எட்டு தோல்வி.

இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். பெருங்கூட்டம் வருவது பெரும்பாலும் புதுக் கோச் வந்த வருடம், இல்லாவிட்டால் கோப்பை ஜெயித்த சூடு ஆறாத வருடம். மக்கள் மனசில் ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்றுதான் கூட்டமாகத் தெரிகிறது. 2018-ல் நீங்கள் பார்த்ததும் அதுவே. 1997-ல் நெப்ராஸ்கா கோப்பை வாங்கியபோது குவாட்டர்பேக்காக ஆடிய உள்ளூர்ப் பையன், இன்னொரு அணியை 13 ஆட்டமும் ஜெயிக்கவைத்துவிட்டு ஊர் திரும்புகிறான். அவனைப் பார்க்க 86,818 பேர் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. உங்கள் நண்பர் அதைச் சொல்லியிருப்பார். அன்று மைதான ஓரத்தில் பதினேழு வயதுப் பையன்கள் சிலர் நின்றிருப்பார்கள், எந்தக் கல்லூரியில் சேருவது என்று இன்னும் முடிவு செய்யாதவர்கள். பயிற்சி ஆட்டத்துக்கே தொண்ணூறாயிரம் பேர் எழுந்து நிற்பதைப் பார்த்த பையனுக்கு அது மனசில் பதியாமல் போகாது. அலபாமா 2008-ல் சேர்த்துக்கொண்ட மாணவர்களில், பின்னாளில் நட்சத்திரங்களான ஜூலியோ ஜோன்ஸும் மார்க் இங்கிரமும் இருந்தார்கள். 2009-ல் கோப்பை வந்தது. கூட்டத்துக்கு இதில் பங்கே இல்லை என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஸ்மார்ட் அவ்வளவு மெனக்கெட்டு ஆள் கூட்டியது இதற்காகத்தான்.

ஆனால் அந்தக் காலம் போய்விட்டது. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025-லிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. பிடிக்காவிட்டால் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில், அதாவது கல்லூரி மாற விரும்புகிறவர்களுக்கான பட்டியலில், பெயரைப் போட்டுவிட்டு வேறு கல்லூரிக்குப் போய், ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லாமல் உடனே ஆடலாம். இப்போது அந்தப் பதினேழு வயதுப் பையனும் அவன் அம்மாவும் முதலில் கேட்பது வேறு கேள்வி. அவர்களைத் தப்பு சொல்ல முடியாது, அது அவன் உடம்பு, அவன் உழைப்பு. மைதானத்தில் எத்தனை பேர் கை தட்டினார்கள் என்பது அந்தப் பட்டியலில் கீழே போய்விட்டது.

அப்படியானால் கூட்டம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று விட்டுவிடலாமா? இந்த இடத்தில்தான் நான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

2013 ஏப்ரல், ஆபர்ன். முந்தைய பருவத்தில் அந்த அணி 3 ஆட்டம் ஜெயித்து 9 தோற்றிருந்தது. தங்கள் லீக் அணிகளுக்கு எதிராக ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. ஆனால் 83,401 பேர் வந்தார்கள். ஊர் முக்கில் இருந்த இரண்டு பழைய ஓக் மரங்களுக்காக வந்தார்கள். ஆட்டம் ஜெயித்தால் அந்த மரங்களில் டாய்லெட் பேப்பர் உருளைகளை வீசி வெள்ளை வெளேரென்று தொங்கவிடுவது அவர்கள் வழக்கம். எதிரணி ரசிகர் ஒருவர் 2010-ல் மரங்களுக்கு விஷம் வைத்துவிட்டார். எவ்வளவோ முயன்றும் காப்பாற்ற முடியவில்லை. வெள்ளோட்டம் நடந்த அன்று கடைசியாக ஒருமுறை பேப்பர் வீசினார்கள், சில நாளில் மரங்களை வெட்டினார்கள். அந்தப் பருவத்தில் ஆபர்ன் இறுதி ஆட்டம்வரை போனது என்பது உண்மைதான். ஆனால் அன்று வந்த எண்பத்து மூவாயிரம் பேரில் யாரும் அதை எதிர்பார்த்து வரவில்லை. சாகப்போகும் மரத்தை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதே ஏப்ரலில்தான் உங்கள் ஊரில் அது நடந்தது. நீங்கள் அப்போது லிங்கனில்தான் இருந்திருப்பீர்கள். மூளைப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த ஏழு வயதுப் பையன், ஜாக் ஹாஃப்மன். நாலாவது கால் பகுதியில் 22-ஆம் எண் சட்டையும் தலைக்கவசமும் போட்டு உள்ளே வருகிறான். குவாட்டர்பேக் பந்தைக் கையில் கொடுக்கிறார். பையன் முதலில் தப்பான பக்கம் திரும்புகிறான். குவாட்டர்பேக் அவனைத் தொட்டுத் திருப்பிவிடுகிறார். அப்புறம் ஓடுகிறான், 69 கெஜம். கூடவே இரண்டு பக்கமும் பெரிய பெரிய ஆட்கள் அவன் வேகத்துக்குத் தங்கள் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். கோட்டைத் தாண்டியதும் இரண்டு பக்க வீரர்களும் மொத்தமாக ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொள்கிறார்கள். நான் வீடியோவில் பார்த்ததுதான். எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை, அவன் தப்பாகத் திரும்பும் அந்த ஒரு நொடியில் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

2025 ஜனவரியில், பத்தொன்பது வயதில், அவன் போய்விட்டான்.

அன்று மைதானத்தில் 60,174 பேர் இருந்தார்கள். உங்கள் வழக்கத்துக்கு அது சுமாரான கூட்டம்தான். காலி மைதானத்திலும் அந்தப் பையன் ஓடியிருக்க முடியும், வீரர்கள் தூக்கியிருக்க முடியும். ஆனால் அறுபதாயிரம் பேர் தனக்காக எழுந்து நின்றதைக் கேட்டுக்கொண்டே ஓடியது அவனுக்குக் கிடைத்திருக்காது. செப்டம்பரில் எதுவும் மாறவில்லை என்கிறீர்கள். ஏப்ரலில் மாறியதை எந்தக் கணக்கில் எழுதுவது?

நான் நேரில் பார்த்தது ஒன்றே ஒன்று. 2016-ல் தம்பி வீட்டுக்கு, ஒஹாயோ ஸ்டேட் அணியின் ஊரான கொலம்பஸுக்குப் போயிருந்தபோது அந்த ஒரு லட்சம் பேர் வந்த ஆட்டத்துக்கு அவன் என்னைக் கூட்டிப்போனான். ஆட்டம் எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. முன் வரிசையில் ஒரு பெரியவர், ஏழெட்டு வயதுப் பேரனோடு உட்கார்ந்திருந்தார். வீரர் பட்டியலை நாலாக மடித்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகப் பையனைத் தேடச் சொல்வார். பையன் கண்டுபிடித்துக் காட்டினால் பென்சிலால் ஒரு கோடு. மைதானத்தின் ஒரு பக்கம் ‘ஓ-எச்’ என்று கத்தியதும், இன்னொரு பக்கம் ‘ஐ-ஓ’ என்று பதில் சொல்லும். பையன் பென்சிலைப் போட்டுவிட்டு எழுந்து நின்று கத்துவான். இடைவேளையில் பேச்சுக் கொடுத்தேன். இத்தனை வருடத்தில் நிஜ ஆட்டத்துக்கு இரண்டே தடவைதான் வந்திருக்கிறாராம். அந்த டிக்கெட் விலைக்குத் தன்னால் இரண்டு பேரைக் கூட்டிவர முடியாது, இதற்கு வருடா வருடம் வந்துவிடுவேன் என்றார். சாயங்காலம் செய்தியில் அந்த 100,189 என்ற எண்ணைக் கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த நாலாக மடித்த தாள்தான்.

நெப்ராஸ்காவில் இது இன்னும் அழுத்தமானது என்று உங்களுக்கே தெரியும். அங்கே தொழில்முறை ஃபுட்பால் அணி கிடையாது. மைதானம் நிரம்பினால் ஒமாஹா, லிங்கனுக்கு அடுத்து மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊரே அதுதான். 1962-லிருந்து நிஜ ஆட்டம் ஒவ்வொன்றும் விற்றுத் தீர்ந்ததாகவே கணக்கு. அப்படிப்பட்ட இடத்தில், தலைமுறை தலைமுறையாக சீசன் டிக்கெட் வைத்திருக்காத குடும்பம் உள்ளே நுழைய மிச்சமிருந்த சுலபமான வழி இந்த ஒரு நாள்.

2025-ல் அதை நிறுத்திய கோச் மேட் ரூல் சொன்ன காரணத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு மற்ற கல்லூரிக்காரர்கள் வந்து தன் வீரர்களைக் கொத்திக்கொண்டு போகிறார்கள் என்றார். அது நடக்கத்தான் செய்தது. ஆட்டம் முடிந்த மறுநாளே போர்ட்டல் திறந்திருக்கும்போது எந்தக் கோச்சும் பயப்படுவார். ஆனால் அந்த ஏப்ரல் மாதப் போர்ட்டலை 2026-லிருந்து எடுத்துவிட்டார்கள், இனி ஜனவரியில் மட்டும்தான். பூட்டுக்குச் சொன்ன காரணம் போன பிறகும் பூட்டு தொங்கினால், அப்போது உங்கள் நண்பரோடு சேர்ந்து நானும் கோபப்படுவேன்.

அவரிடம் என் சார்பாக ஒன்று சொல்லுங்கள். கூட்டம் குறைந்தால் அணி படுத்துவிடும் என்று அவர் அஞ்ச வேண்டாம். 2018-ல் நிரம்பி வழிந்த மைதானம் அணியைத் தூக்கி நிறுத்தவில்லை, காலி மைதானமும் அதே மாதிரி கவிழ்த்துவிடாது. அவருடைய துக்கத்துக்குக் காரணம் அணியின் எதிர்காலம் இல்லை என்று நினைக்கிறேன். அப்பா அவரை முதன்முதலில் எந்த ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார் என்று கேட்டுப் பாருங்கள்.

நீங்களும் 2018-ல் ஏமாந்ததாக எழுத வேண்டாம், எஸ். நாலு வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு, எண்பத்தாறாயிரம் பேருக்கு நடுவே, அவன் தூக்கம் கலையாமல் நின்றிருக்கிறீர்கள். அந்த வருடம் எட்டு ஆட்டம் தோற்றதால் அந்த மத்தியானம் இல்லை என்று ஆகிவிடாது. இப்போது அவனுக்குப் பதினொன்று இருக்கும். அடுத்த தடவை மைதானத்தைத் திறந்தால் இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் கீழ் வரிசையில் இடம் பிடியுங்கள். பந்து உதைத்துப் பழகுகிறவர்கள் ஆட்டத்துக்கு முன் அங்கேதான் நிற்பார்கள், உதைக்கும் சத்தம் நெஞ்சில் வந்து இடிக்கும். ஒரு பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.